குழலில் ஒட்டிய மெழுகு

பெர்சிஸிடம் யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. முதலில் கழுத்தைப் பிடித்துக்கொள்வாள். வருடக்கணக்காகத் துப்பாக்கியில் கன்னம் வைத்துச் சுட்டதில் போன கழுத்து அது. பிறகு கேட்டவருக்கு ஏதாவது ஒரு வேலை கொடுப்பாள். பதில் அந்த வேலையில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த துப்பாக்கி சுடும் மைதானத்தில் அவள் பயிற்சியாளர். போலீஸ் அணிக்கும் அவளேதான். மாசிலாமணி அவளிடம் கற்றுக்கொள்ள வந்த ஏட்டு, வயதில் அவளைவிட நன்றாக மூத்தவர். ஒரே வருடத்தில் மூன்று பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டு நாலாவதாக இங்கே வந்திருந்தார். முதலாமவர் மூச்சை அடக்கச் சொன்னார். அடுத்தவர் விடச் சொன்னார். மூன்றாமவர் மூச்சைப் பற்றி நினைக்கவே கூடாது என்றார். மாசிலாமணி மூன்றையும் சேர்த்துச் செய்து பார்த்து மூச்சு முட்டியதுதான் மிச்சம்.

மறுநாள் போட்டி. அணியில் ஓர் இடம்தான் காலி. மாசிலாமணியா, ஆயுதப்படையில் இருக்கும் இன்னொருவரா என்று அன்றைக்குள் பெர்சிஸ் சொல்லியாக வேண்டும். இல்லையென்று ஆகிவிட்டால் அவருக்குப் பழையபடி பந்தோபஸ்துதான். தேர்த் திருவிழா, பொதுக்கூட்டம், மறியல். நின்று நின்று அவருடைய காலில் நரம்பு சுருண்டு கிடந்தது. இனிமேல் நிற்க முடியாது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

காற்று எழும்புவதற்கு முன் தோட்டாக்களைச் சோதித்துப் பார்த்தார். மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து நீலப் பெட்டியில் ஐந்து, மஞ்சளில் ஐந்து, சிவப்பில் ஐந்து. மூன்று கம்பெனி, மூன்று குறி அட்டை. மூன்றிலும் கடுகு இறைத்த மாதிரி ஓட்டைகள்.

அட்டைகளைக் கொண்டுவந்து பெர்சிஸ் முன்னால் போட்டார்.

"ஒரே அளவுத் தோட்டா, ஒரே துப்பாக்கி. மூட்டை மேல வச்சுல்லா சுட்டேன், கை நடுங்கிச்சுன்னு சொல்ல முடியாது. கம்பெனிக்குக் கம்பெனி ஏன் மேடம் இப்படி மாறுது? ஒண்ணாவது ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குது."

பெர்சிஸ் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு பெட்டியில இருந்தும் ஒவ்வொண்ணு எடுங்க, அண்ணாச்சி. குண்டு முனையை விரலால தடவுங்க."

நீலத்தைத் தடவினார். "மெழுகு ஒட்டுது."

"மஞ்சள்?"

"ஒட்டுது."

"சிவப்பு?"

"இதுவும் ஒட்டத்தான் செய்யுது."

"சிவப்புல ஒட்டாது. உங்க விரலைப் பாருங்க."

மாசிலாமணி விரலைப் பார்த்தார். கால்சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டுச் சிவப்பை மறுபடி தடவினார். வழவழவென்று காய்ந்து இருந்தது.

"துடைச்சிட்டுத் தடவச் சொல்லியிருக்கலாம்லா?" எரிச்சலாகத்தான் கேட்டார். முந்தின ராத்திரியும் பந்தோபஸ்துக்கு இழுத்துவிட்டார்கள், சரியான தூக்கமில்லை.

"துப்பாக்கிக் குழலுக்குள்ளயும் அதான் நடந்திருக்கு. மஞ்சள் போனது நீல மெழுகு மேல. சிவப்பு போனது அது ரெண்டு மேலயும். நீலம், நேத்து எதைச் சுட்டீங்களோ அது மேல."

"அப்ப துடைச்சிட்டுச் சுட்டா சரியாயிருமா?"

"துடைச்ச உடனேயும் வராது. புது மெழுகு குழல் முழுக்கப் படியணும். துடைச்சிட்டு நீலத்தைப் போடுங்க. மணல்ல அடிங்க."

"அட்டை வைக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"எங்க போகுதுன்னு தெரிய வேண்டாமா?"

"இது குழலுக்கு, அண்ணாச்சி. கணக்குல வராது."

குழலைத் துடைத்தார். மணல் மேட்டைப் பார்த்துச் சுட்டார். குறியில்லாமல் சுடுவது பெரிய அலுப்பு. போதுமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். பெர்சிஸ் பிளாஸ்கிலிருந்து ஆறிப்போன டீயை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் கழித்துத்தான் அட்டை வைக்கச் சொன்னாள்.

ஐந்து குண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒரே ஓட்டையாகியிருந்தது. மாசிலாமணி அட்டையைப் பார்க்கும் டெலஸ்கோப்பைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

மஞ்சளுக்கும் அதே மாதிரி துடைத்து, மணலில் அடித்து, அட்டை வைத்தார். அப்போதும் சிதறியது. சிவப்பு பரவாயில்லை, ஆனால் நீலத்தின் பக்கத்தில் வரவில்லை. சிவப்புதான் விலை கூடிய வெளிநாட்டுச் சரக்கு என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

"அப்ப நீலந்தான் நல்ல தோட்டா."

"இந்தத் துப்பாக்கிக்கு."

"அடுத்த ரேக்குல இருக்க துப்பாக்கிக்கு?"

"அதுல நீலத்தைப் போன மாசம் சுட்டேன். ஆகல."

"அதான் ஏன்னு கேக்கேன்."

"வெடிக்கும்போது குழல் நடுங்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. கம்பெனிக்குக் கம்பெனி மருந்து வேற, வேகம் வேற. குழல் எந்தப் பக்கம் ஆடுறப்ப குண்டு வெளிய வருதோ, அதைப் பொறுத்துத்தான் எல்லாம். எது ஒத்துப்போகும்னு சுட்டுத்தான் பாக்கணும்."

"பெட்டி மேலயே எழுதிப் போட்டா என்ன?"

"பெட்டிக்கு உங்க துப்பாக்கியைத் தெரியாதே, அண்ணாச்சி."

வெயில் ஏறிவிட்டது. மலைக் கணவாயிலிருந்து காற்று கிளம்பி மைதானத்துக் கொடியை இழுத்தது. இனி சுடுவதற்கில்லை. மாசிலாமணி துப்பாக்கியை உறைக்குள் வைத்து மூடினார். எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

பெர்சிஸின் அறைச் சுவரில் அவர் வந்த நாளிலிருந்து சுட்ட அட்டைகள் குத்தியிருந்தன. மூன்று வாரத்து அட்டைகள். ஒன்றிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பக்கத்தில் அந்த ஆயுதப்படைக்காரருடைய அட்டைகள், சுமாராக இருந்தன. மாசிலாமணி தன்னுடையதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது.

"தோட்டா கிடைச்சிட்டு, மேடம். ஆளு?"

பெர்சிஸ் நீலப் பெட்டியை எடுத்து எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முன்னாலயே மூணு பேரு சொல்லிக் கொடுத்தாச்சு எனக்கு. உங்ககிட்ட வந்த பிறகும் இதுதான் லட்சணம். எல்லாம் சுவத்துல இருக்கு. நாளைக்கு அவரையே அனுப்பிருங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

பெர்சிஸ் துணி சுற்றிய பெட்டியை அவருடைய பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். சுவருக்குப் போய் அவருடைய அட்டைகளை மட்டும் கழற்றி, அடுக்கி, குப்பைக் கூடையில் போட்டாள்.

"அது மணல்ல அடிச்சது, அண்ணாச்சி. கணக்குல வராது."