திரையில் ஏறிய பல்லி

கொக்கரப்பட்டியில் வெப்சைட் செய்து கொடுக்கும் கடை ஒன்று உண்டு. அங்கே வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். தவசிமுத்து, ஏகாம்பரம், சூசை. மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்ததாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

தண்ணீர் லாரி வைத்திருக்கும் செண்பகவல்லி அங்கே ஒரு வேலை கொடுத்தாள். போனில் ஆர்டர் எடுத்ததில் குழப்பம். கல்யாண வீட்டுக்குப் போகவேண்டிய லாரி கருமாதி வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தது. இனி போனே வேண்டாம். ஜனங்கள் பெயரையும் தெருவையும் எழுதி, ஒரு பட்டனைத் தட்டினால் ஆர்டர் வந்து சேரவேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் புது பிளாட்ஸ் செக்ரட்டரி அதில் ஆர்டர் போடுவார். சொன்ன நேரத்தில் தண்ணீர் வந்தால் வருஷம் முழுக்க அவளுக்கே. வராவிட்டால் அடுத்த தெரு லாரிக்காரனுக்கு.

முதலாளி பாதி வேலையை முடித்துவைத்துவிட்டு, ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினார்.

"பக்கம் அமைக்கற எடிட்டரைத் திறங்க. கோட் ஒரு வரி எழுத வேண்டாம். பேருக்கு ஒரு பெட்டி, தெருவுக்கு ஒரு பெட்டி, ஒரு பட்டன். மவுஸால இழுத்து ஒழுங்கா வைங்க. புதுசா எதையும் சேர்க்காதீங்க. திரையில நீங்க பாக்கறதுதான் ஜனங்களும் பாப்பாங்க. ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருந்தது. அதுதான் வினை.

இழுத்தார்கள், வைத்தார்கள். பக்கம் பார்க்க நன்றாகவே வந்தது. அதோடு எழுந்து டீ குடிக்கப் போயிருக்கலாம். போகவில்லை. காலண்டருக்குப் பின்னால் இருந்த பல்லி இறங்கி வந்து, கம்ப்யூட்டர் திரையின் நடுவில் உட்கார்ந்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள்.

"நாம பாக்கறதுதான் ஜனங்களும் பாப்பாங்க," என்றான் சூசை.

"அப்ப ஊர்ல எல்லா போன்லயும் பல்லி," என்றான் ஏகாம்பரம்.

தவசிமுத்து மூத்தவன். யோசித்தான். அவன் யோசிக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது. வேண்டாததை எடுக்க டெலிட் என்று ஒரு விசை இருக்கிறதே என்று சொல்லி, அதன் மேல் ஓங்கி ஒரு குத்து விட்டான். சத்தத்தில் பல்லி ஓடிவிட்டது. எடிட்டரில் அப்போது தேர்வாகி இருந்தது பெயர்ப் பெட்டி. அதுவும் போய்விட்டது.

திரை வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். பூச்சிக்குப் பல்லி வரும். மறுபடி வந்தது. மறுபடி குத்தினான். இந்த முறை தெருப் பெட்டி போனது.

அதற்குப் பிறகுதான் கவனித்தார்கள். பெட்டி இரண்டையும் காணோம்.

"தின்னுடுச்சு," என்றான் ஏகாம்பரம்.

மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பசித்த பல்லி, வேறென்ன செய்யும்? மிச்சம் இருப்பது பட்டன் ஒன்றுதான். அதையும் தின்றுவிட்டால் முதலாளிக்கு என்ன பதில் சொல்வது? பல்லிக்கு ஒரு கொசுப் படம் போட்டால் பசி அடங்கும் என்றான் சூசை. புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது என்று முதலாளி சொன்னதை ஏகாம்பரம் எடுத்துச் சொன்னான். சட்டம் சட்டம்தான். கடைசியில் தவசிமுத்து தீர்ப்புச் சொன்னான்.

"புதுசா சேர்க்க வேண்டாம்டா. இருக்கற பட்டனையே கொசுவாக்கிடுவோம். கொசுவைத் தின்னா வயிறு நிறையும். அப்புறம் பட்டனைத் தொடாது."

"கொசுதானண்ணே பட்டன்," என்றான் சூசை.

"அதான் சொல்றேன். தொடாது."

பட்டனுக்குக் கொசுப் படம் போட்டார்கள். நல்ல பெரிய கொசு. பல்லி வந்தது, பாய்ந்தது, கண்ணாடியில் மூக்கு இடித்துக்கொண்டு மல்லாந்து மேஜையில் விழுந்தது. கொசு அப்படியே இருந்தது. பட்டன் உறுதியாக இருக்கிறது, சோதனை முடிந்தது என்று வெள்ளிக்கிழமை காலையில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கை அனுப்பிவிட்டார்கள்.

ஊர் திறந்து பார்த்தது. போனில் ஒரு கொசு. கொசுவைக் கண்டால் மனிதன் என்ன செய்வான்? அடித்தான். ஒரு அடிக்கு ஒரு ஆர்டர். சாகவில்லை என்று மறுபடி அடித்தான். பக்கத்தில் இருந்தவனும் ஒன்று போட்டான்.

செண்பகவல்லிக்கு ஆர்டர் மழையாகக் கொட்டியது. ஒன்றிலும் பெயர் இல்லை, தெரு இல்லை. அவள் வைத்திருந்ததோ ஒரே லாரி. இதில் செக்ரட்டரி ஆர்டர் எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அவள் முட்டாள் இல்லை. டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, நேராக பிளாட்ஸுக்கு விடு என்றாள்.

போய்ச் சேரும்போது சொன்ன நேரம் தாண்டிவிட்டது. செக்ரட்டரி வாசலில் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஓங்கி அடிக்கிற ஆள். கொசுவை அடித்ததில் போன் கண்ணாடி சுக்குநூறு. அடுத்த தெரு லாரிக்காரனைக் கூப்பிட வழியில்லாமல், லாரியைக் கண்டதும் கும்பிட்டார். வருஷ ஒப்பந்தம் பிழைத்தது.

அங்கிருந்து அவள் நேராகக் கடைக்கு வந்தாள். செருப்பு காலில் இல்லை, கையில் இருந்தது.

"மிச்ச ஆர்டரெல்லாம் எந்த வீட்டுக்குடா? பேர்ப் பெட்டி எங்க? தெருப் பெட்டி எங்க?"

மூவரும் பதறவில்லை. தவசிமுத்து ஒரு டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, மூடியைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினான். உள்ளே பல்லி.

"ரெண்டும் இதுக்குள்ளதான் பத்திரமா இருக்குக்கா. விளக்கெண்ணெய் குடுத்திருக்கோம். சாயங்காலத்துக்குள்ள வெளிய வந்துரும். கழுவி ஏத்திடறோம்."