சொர்ணம் ஏறும் நேரம்

“இந்தத் தொலைநோக்கி சரியில்ல டீச்சர். பிடிச்சு வச்ச இடத்துல சனி நிக்க மாட்டேங்கு.”

மொட்டை மாடியில் நின்று இப்படிக் குற்றம் சொன்னவர் பூவலிங்கம். தென்காசி பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேட்டுக்கொண்டிருந்தவள் ஜெசிந்தா. அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். ஊர் ஊராகப் போய் வானம் பார்க்கச் சொல்லிக்கொடுப்பாள். பேச்சு குறைவு. அதனாலேயோ என்னவோ, அவளிடம் கூட்டமும் குறைவு.

சூரியன் மறைந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தென்கிழக்கில் சனி தெரிந்தது.

“எப்படி வைப்பீங்க? காட்டுங்க.”

ரசமட்டம் வைத்து, தொலைநோக்கி நிற்கும் முக்காலியைச் சமன் செய்தார். பெரிய குழாயின் மேலிருந்த குறிபார்க்கும் சின்னக் குழாயைப் பகலிலேயே தூரத்து செல்போன் டவர் உச்சியை வைத்துச் சரிசெய்திருந்தார். சனியைப் பிடித்தார். வளையத்தோடு நட்டநடுவில் நின்றது. குழாய் நகராதபடி திருகாணியை முறுக்கினார்.

ஜெசிந்தா கண்ணை வைத்துப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

“ரெண்டு நிமிஷம் பொறுங்க,” என்றார். பொறுத்தாள். “இப்பப் பாருங்க. காலி.”

“பூமி சுத்துதுல்லா சார். போகத்தான் செய்யும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா என்னைக் கூப்பிட்டீங்க?”

பூவலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என் வீட்டுக்காரி சொர்ணத்துக்கு அந்த வளையத்தை ஒரு தடவை பாக்கணும்னு ஆசை. நான் நடுவுல பிடிச்சு வச்சிட்டு, வா வான்னு கத்துவேன். அவளுக்கு முட்டுவலி. ஏறி வாறதுக்குள்ள அது போயிரும். ‘ஒண்ணும் தெரியலையே’ம்பா. ‘ஆடி அசைஞ்சு வந்தா அது உனக்காக நிக்குமா’ன்னு ஏசுவேன். திரும்பப் பிடிக்க நான் குனியுறதுக்குள்ள, சோறு குழைஞ்சிரும்னு இறங்கிருவா.”

“எத்தனை தடவை?”

“நாலு. அதுக்கப்புறம் கூப்பிட்டாலும் வரல. தை மாசம் தவறிட்டா.”

தொலைநோக்கிக் குழாயைத் தட்டிக் காட்டினார்.

“கருவி மேலதான டீச்சர் தப்பு?”

இதைக் கேட்கத்தான் அவளை வரவழைத்திருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

“தென்காசியில இருந்து கடையம் பஸ் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் சார்?”

“முப்பத்தஞ்சு நிமிஷம். சந்தை அன்னைக்கு நாப்பது.”

“அவங்க இந்த மாடி ஏற?”

அந்த நேரத்தை அவர் ஒருநாளும் குறித்ததில்லை.

ஜெசிந்தா திருகாணியைத் தளர்த்தினாள். சனியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குழாயைக் கொஞ்சம் மேற்கே தள்ளி இறுக்கினாள்.

அவர் கண்ணை வைத்துப் பார்த்தார்.

“இதுல சனி இல்லையே.”

“இல்ல. அது வாற வழியில வச்சிருக்கேன். நீங்க கீழ போய், அவங்க ஏறுற மாதிரி ஏறி வாங்க.”

இறங்கினார். அடுக்களை வாசலிலிருந்து புறப்பட்டார். சொர்ணம் முந்தானையில் கை துடைத்துவிட்டுத்தான் கிளம்புவாள் என்பது நினைவுக்கு வந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். அந்தச் சத்தத்தை அவர் மேலே நின்று நாலு தடவையும் கேட்டிருக்கிறார். கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வந்திருக்கிறது.

பதினோராவது படியில் மாடிப்படி திரும்பும். அங்கே சுவரில் ஒரு எண்ணெய்க் கறை. மூச்சு வாங்க நின்று அவள் கை ஊன்றும் இடம். சுவரைப் பாழாக்குகிறாய் என்று அதற்கும் ஏசியிருக்கிறார்.

கறையின் மேல் கையை வைத்தார். அவர் கையைவிடச் சின்னது.

வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நின்றபடியே அழுதார். எவ்வளவு நேரம் என்று டைம் கீப்பருக்குத் தெரியவில்லை.

“நேரமாகுது டீச்சர்,” என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். “போயிரும்.”

மேலிருந்து பதில் வந்தது.

“மெதுவா வாங்க. அது இன்னும் வரல.”