லாரி டியூப்பில் விரால் தேடிய காட்டுப்பூனை

வெண்ணாவல் ஏரிக்கரையில் ஒரு காட்டுப்பூனை இருந்தாள். வால்நுனி கறுப்பாக இருந்ததால் அவளுக்குக் கருவாலி என்று பெயர். ஏரி மதகின் இருட்டுக்குள் ஒரு சின்ன வௌவால் இருந்தான். அவன் பெயர் தொங்கன். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. ஏரித் தண்ணீர் கரையை விட்டு உள்வாங்கிவிட்டது. கரையோரம் துள்ளிக்கொண்டிருந்த மீன்கள் எல்லாம் ஆழம் தேடி நடு ஏரிக்குப் போய்விட்டன. நண்டும் தவளையும் சேற்றுக்குள் புதைந்துகொண்டன.

கருவாலிக்கு நாணல் புதருக்குள் மூன்று குட்டிகள். கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தாய் சாப்பிட்டால்தானே பால் ஊறும்? குட்டிகள் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழுதன. தன் பசியைக் கருவாலி எப்படியோ பொறுத்துக்கொண்டாள். அந்த அழுகையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம், குளிக்க வந்த பிள்ளைகள் ஒரு லாரி டியூப்பைக் கரையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கருவாலி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மோந்து பார்த்தாள். அழுத்தினால் அமுங்கியது, கையை எடுத்தால் எழும்பியது. தண்ணீரில் தள்ளிவிட்டால் மிதந்தது!

பிறகு என்ன? நடு ஓட்டையில் ஆகாயத்தாமரைத் தண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினாள். அதன்மேல் உட்கார்ந்து, பின்னங்கால் இரண்டையும் தண்ணீருக்குள் தொங்கவிட்டாள். முன்னங்கால்கள் மீன் பிடிக்க. பின்னங்கால்கள் துடுப்புப் போட. திட்டம் நல்ல திட்டம்தான். ஒரே ஒரு சிக்கல், காலை உதைத்தால் டியூப் பின்பக்கமாகத்தான் போனது. எங்கே போகிறோம் என்பது போய் முட்டிய பிறகுதான் தெரிந்தது.

கரையில் ஒற்றைக் காலில் நின்ற கொக்குக்கு அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு. ஊரெல்லாம் முன்னால் நடக்கிறது, நம்ம கருவாலி மட்டும் பின்னால் நடக்கிறாள் என்று அது தன் இனத்தாரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தது. கருவாலி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பசித்தவளுக்கு ஏது ரோஷம்?

ஆனால் நடு ஏரிக்குப் போய்விட்டால் மட்டும் மீன் கைக்கு வந்துவிடுமா? தண்ணீர் கலங்கலாக இருந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இரண்டு நாள் வெறுங்கையோடு திரும்பினாள். மூன்றாம் நாள் அந்தியில், தலைக்கு மேலே பூச்சி பிடித்துக்கொண்டிருந்த தொங்கனைப் பார்த்தாள். இருட்டில்கூட இவன் எதிலும் முட்டிக்கொள்வதில்லையே, எப்படி என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கூப்பிட்டுக் கேட்டாள்.

தான் சின்னதாக ஒரு சத்தம் விடுவதாகவும், அது எதிலாவது பட்டுத் திரும்பி வந்தால் அங்கே என்ன இருக்கிறது என்று காது சொல்லிவிடும் என்றும் தொங்கன் விளக்கினான்.

"அப்படியா? அப்போ தண்ணிக்குள்ள சத்தம் விட்டு, விரால் எங்கே இருக்குன்னு சொல்லு தம்பி."

"அது முடியாது அக்கா. என் சத்தம் தண்ணிக்குள்ள போகாது. மேலே பட்டதும் திரும்பி வந்துடும். ஆனா தண்ணி மேல துளி அசைவு இருந்தாலும் எனக்குத் தெரியும்."

கருவாலி யோசித்தாள். விராலால் மற்ற மீன்களைப் போல எந்நேரமும் தண்ணீருக்குள்ளேயே கிடக்க முடியாது. மூச்சு வாங்க அவ்வப்போது மேலே வந்தே ஆக வேண்டும். அவள் மீன் தின்று வளர்ந்தவள், அது அவளுக்குத் தெரியும். அலை எங்கே எழுகிறது என்பது தொங்கனுக்குத் தெரியும். இருவர் அறிவையும் சேர்த்தால் ஒரு விரால் ஆகும்!

கூட்டு சேர்ந்தார்கள். மதகுக்குள் தொங்கும் தன் சொந்தபந்தங்கள்மேல் இனிமேல் கை வைக்கக் கூடாது என்று தொங்கன் கேட்டான். கருவாலி ஒப்புக்கொண்டாள்.

முதலில் ஒரே குளறுபடி. தொங்கன் இடது பக்கம் என்றான், போய்ப் பார்த்தால் சேற்றிலிருந்து வந்த குமிழி. வலது பக்கம் என்றான், போய்ப் பார்த்தால் உதிர்ந்த இலை. இதோ பெரிசாக ஒன்று என்றான். அது ஓர் ஆமை. தொங்கிக்கொண்டிருந்த கருவாலியின் கால்விரலை அது ருசி பார்த்துவிட்டுப் போனது. ஆனால் தொங்கன் சளைக்கவில்லை. குமிழி உடைந்தால் ஒரு மாதிரி, இலை விழுந்தால் ஒரு மாதிரி, விரால் மூச்சு வாங்கினால் ஒரு மாதிரி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டான். அவனுக்கு அதில் அலாதி சந்தோஷம். மீனே சாப்பிடாதவனுக்கு மீனைப் பற்றித் தெரிந்துகொள்வதில் அவ்வளவு ஆசை.

மறுநாள் அந்தியில் அவன் பரபரப்பாகப் பறந்து வந்தான். எதிர்க்கரைப் பக்கம், தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கும் கருவேல மரத்தடியில் ஒரு பெரிய விரால் இருக்கிறது என்றான். மற்ற விரால்கள் இங்கே ஒரு மூச்சு, அங்கே ஒரு மூச்சு என்று அலைந்துகொண்டிருக்க, இது மட்டும் அதே இடத்தில் மறுபடி மறுபடி எழும்புகிறதாம். அதைச் சுற்றித் தூறல் விழுவதுபோல் பொடிப்பொடியாக அலை அடிக்கிறதாம்.

"அது ஏன் அக்கா அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேங்குது?"

"ஏன்னு கேட்டா என் குட்டிங்க வயிறு நிறையுமா? எங்கேன்னு மட்டும் சொல்லு."

தொங்கனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் வழி சொன்னான். கொஞ்சம் இடது, நேராக, இன்னும் கொஞ்சம் என்று அவன் சொல்லச் சொல்ல, கருவாலி பின்பக்கமாகவே துடுப்புப் போட்டுக் கருவேல மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தாள். முன்னங்காலை ஓங்கிக்கொண்டு காத்திருந்தாள்.

விரால் மேலே வரவில்லை. கீழேயிருந்து வந்தது. வந்த வேகத்தில் அவள் பின்னங்காலைக் கவ்வி ஓர் உலுக்கு உலுக்கியது.

பயந்துபோன பூனை என்ன செய்யும்? நகத்தை நீட்டி, கைக்கு எது கிடைக்கிறதோ அதை இறுகப் பிடிக்கும். கருவாலிக்குக் கைக்குக் கிடைத்தது டியூப். உஸ்ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பூனை தண்ணீருக்குள்!

பூனைக்கு நீந்தத் தெரியும். பிடிக்காது, அவ்வளவுதான். கருவாலி கண்ணையும் மூக்கையும் மேலே வைத்துக்கொண்டு அடித்துப் பிடித்து நீந்தினாள். தொங்கன் தலைக்கு மேலே பறந்து கிட்டத்தில் இருந்த கரையைக் காட்டினான். அது எதிர்க்கரை. நாணல் நடுவே ஒரு சின்ன இடுக்கு. அங்கே முழங்கால் அளவுத் தண்ணீரில் கால் ஊன்றி நின்றாள். டியூப் போய்விட்டது. காலில் காயம். குட்டிகள் அக்கரையில் பட்டினி. கருவாலி அங்கேயே நின்று அழுதாள்.

தொங்கன் நாணலில் தலைகீழாகத் தொங்கினான். ஆறுதல் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது கேள்வி கேட்பது மட்டும்தான்.

"அக்கா, அது உங்களை விரட்டிட்டு வந்துச்சு. ஆனா மரத்தைத் தாண்டினதும் திரும்பிப் போயிடுச்சு. ஏன்?"

கருவாலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தவள், திட்டாமல் அப்படியே நின்றுவிட்டாள். போன வாரம் ஒரு நாய் நாணல் புதர்ப் பக்கம் வந்தது. அவள் அதன் மூக்கில் பிறாண்டி, வண்டிப்பாதை வரைக்கும் விரட்டினாள். அதைத் தாண்டிப் போகவில்லை. அவசரமாகத் திரும்பி ஓடி வந்தாள். எதற்காக?

"அதுக்குக் குஞ்சு இருக்குடா" என்றாள் மெதுவாக. "அந்தத் தூறல் எல்லாம் அதோட குஞ்சுங்க. நீ போய்ப் பார்த்துட்டு வா."

தொங்கன் பறந்தான். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மரத்தடித் தண்ணீரில் செக்கச்செவேலென்று ஒரு கூட்டம். நூலளவு குஞ்சுகள், எண்ணி மாளாது. எல்லாம் மேலே வந்து மூச்சு வாங்குவதும் கீழே போவதுமாக இருந்தன. அவற்றுக்கு அடியில் கறுப்பாகப் பெரிய விரால். தொங்கனைப் பார்த்ததும் அது தலையை நீட்டியது.

"யாருன்னாலும் சரி, கிட்ட வந்தா கடிப்பேன். உங்க அக்காகிட்டயும் சொல்லு. நான் பசிக்குக் கடிக்கலை. இதுங்களுக்கு நான் ஒருத்தன்தான் காவல்."

தொங்கன் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னான். அந்த விராலைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை கருவாலிக்கு விட்டுப்போய்விட்டது. ஆனால் ஆசை விட்டால் பசி விடுமா? குட்டிகளுக்கு என்ன பதில் சொல்வது?

தொங்கனோ அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். இத்தனை குஞ்சு இருந்தால் அதைத் தின்ன யாராவது வருவார்களே? வந்தவர்களை விரால் சும்மா விடாதே? விரட்டினால் அவர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள்?

கருவாலியின் காது நிமிர்ந்தது.

தொங்கன் மறுபடியும் பறந்தான். இந்த முறை வெகுநேரம் மரத்தைச் சுற்றிச் சத்தம் விட்டு, தண்ணீர்மேல் எழும் அலைகளுக்குக் காது கொடுத்தான். கெண்டைகளும் கெளுத்திகளும் குஞ்சு தின்ன மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தன. விரால் பாய்ந்தது. வந்தவை மிரண்டு சிதறின. மூன்று பக்கமும் பட்ட மரத்தின் முள்கிளைகள் தண்ணீருக்குள் வேலிபோல் அடைத்துக்கிடந்தன. மிரண்ட வேகத்தில் ஓட ஒரே வழிதான் இருந்தது. அந்த வழி நாணல் இடுக்கில் வந்து முடிந்தது. அங்கேதான் கருவாலி நின்றுகொண்டிருந்தாள்.

"வருது அக்கா, உங்க கால்கிட்டயே வருது!"

கருவாலி குனிந்து நின்றாள். தலைதெறிக்க ஓடிவந்த கெண்டை ஒன்று அவள் காலில் வந்து மோதியது. ஒரே அறை, மீன் கரையில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. அதற்குப் பின்னால் வந்த கெளுத்தி முள்ளால் அவள் கையைக் குத்தியது. அவள் அதையும் விடவில்லை. அவசர அவசரமாக ஒன்றைத் தின்றாள். மற்றவற்றை வாயில் கவ்விக்கொண்டு, காயம்பட்ட காலை இழுத்தபடி, ஏரிக்கரையைச் சுற்றிக் குட்டிகளிடம் ஓடினாள்.

அதன்பிறகு தினமும் அந்தியில் கருவாலி நாணல் இடுக்கில் போய் நின்றாள். விரால் திருடர்களை விரட்டும். ஓடிவந்த திருடர்களை இவள் பிடித்துக்கொள்வாள். அதற்காக விராலும் பூனையும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் இடுக்கை விட்டு ஓர் அடி முன்னால் வைத்தால், விரால் தண்ணீரைக் கலக்கிக் காட்டும். அவளும் சட்டென்று பின்வாங்கிவிடுவாள். ஆனால் ஒரு தடவை ஏரிப்பாம்பு ஒன்று இடுக்கு வழியாகக் குஞ்சுகளைத் தேடிப் போகப் பார்த்தது. கருவாலி அதை உள்ளே விடவில்லை. சீறிக்கொண்டு குறுக்கே நின்றாள். விரால் அதைப் பார்த்தது. அன்றைக்கு அவள் காலடிக்கு வந்த கெண்டைகள் கொஞ்சம் அதிகம்.

கருவாலிக்குப் பால் ஊறியது. குட்டிகள் மூன்றும் கொழுகொழுவென்று வளர்ந்தன. எதிர்க்கரையில் சிவப்புக் குஞ்சுகளும் கறுத்து, பெருத்து, ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போயின.

ஒன்று எங்கே இருக்கிறது என்று அறிவது பாதி அறிவுதான். அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டு அறிந்தவருக்கே மீதிப் பாதியும் கிடைக்கும்.