ஏஜென்ட் சொன்ன புத்தி

காது கொடுப்பவர்கள் கொஞ்சம் கண்ணையும் கொடுங்கள். இந்தக் கதைக்கு இரண்டும் வேண்டும்.

திருப்பூரில் நாச்சிமுத்து சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தினார். அவர் சரக்கை வாங்கியவர் ஒரே ஒருவர், மோரி என்ற ஜப்பான்காரர். நாச்சிமுத்துவுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மோரிக்கோ அதைத் தவிர வேறு தெரியாது. நடுவில் ஏஜென்ட் தனசேகரன். அவர் வாய் திறந்தால்தான் கம்பெனியில் மிஷின் ஓடும்.

மகள் கோகிலாவுக்கு அதுதான் உறுத்தல். மோரி துணியைத் தடவித் தடவி நெடுநேரம் பேசுவார். தனசேகரன் திரும்பி, "விலையைக் கொறைக்கச் சொல்றாருங்ணா" என்பார். அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா? அப்பா வெள்ளந்தி, தலையாட்டிவிட்டுக் குறைத்துவிடுவார். இப்படியே போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அவள் பயந்தாள்.

பிளஸ் டூ முடித்தவள் பி.பி.ஏ. சேருவது முடிவாகிவிட்டது. கல்லூரியில் விரும்பினால் கூடவே ஜப்பானியமும் படிக்கலாம். படிப்பதா, வேண்டாமா?

கல்லூரியின் ஜப்பானிய ஆசிரியை லலிதாம்பிகையைப் போய்க் கேட்டாள். "கட்டாயம் சேரும்மா. ஒளிக்காம சொல்றேன், ஆள் சேரலைன்னா என் வகுப்பையே மூடிருவாங்க" என்றார் அவர். கோகிலாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தன் பிழைப்புக்கு ஆள் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே மோரி வந்தார். தனசேகரன் தன் மகள் பிரதீபாவையும் அழைத்து வந்திருந்தார். அவள் அதே கல்லூரியில் பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு. கோகிலா ஜப்பானியம் படிக்கலாமா என்று நாச்சிமுத்து தனசேகரனிடம் யோசனை கேட்டார்.

"எதுக்குங்ணா அந்தப் பாஷை? மண்டைய ஒடைச்சாலும் ஏறாது. இருக்கிற படிப்பும் கெட்டுப்போகும். எம் புள்ளைக்கே வேண்டாம்னுட்டேன். நான் எதுக்கு இருக்கேன்?"

கேட்க இதமாக இருந்தது. பெற்ற மகளுக்குச் சொன்னதைத்தானே நமக்கும் சொல்கிறார் என்று கோகிலாவே இளகிவிட்டாள்.

அப்போது மோரி டீயைக் குடித்தபடி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே ஏதோ சொன்னார். பிரதீபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்க டீயைக் குடிச்ச பொறவு ஊர்ல பொண்டாட்டி போடற டீ எறங்க மாட்டேங்குதாம்" என்றார் தனசேகரன். உடனே நாச்சிமுத்துவும் கோகிலாவும் சிரித்தார்கள்.

கல்லூரியில் மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். ஆசிரியைக்கும் ஆதாயம் உண்டு, ஏஜென்ட்டுக்கும் ஆதாயம் உண்டு. கூர்ந்து கேட்டவர்களே, இவர்களில் யார் சொன்னதில் கள்ளம்? அதற்கு அத்தாட்சி என்ன?

விடை: ஆசிரியை தன் ஆதாயத்தைத் தானே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கள்ளம் தனசேகரன் சொன்னதில்தான். அவர் தமிழில் சொல்வதற்கு முன்பே பிரதீபா சிரித்தாளே, எந்தப் பாஷை புரிந்து சிரித்தாள்? தன் மகளைப் படிக்க வைத்துவிட்டு ஊருக்குத்தான் உபதேசம்! அதைக் கண்டுகொண்ட கோகிலா பி.பி.ஏ.வோடு ஜப்பானியத்தையும் சேர்த்தே படித்தாள். படிப்பு முடிகிற வருடம் மோரி அதே மேஜையில் இன்னொரு வேடிக்கை சொன்னபோது, தனசேகரன் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு மோரி துணியைத் தடவி நெடுநேரம் பேசினார். "விலையைக் கொறைக்கச் சொல்றாருங்ணா" என்றார் தனசேகரன். "இல்லீங்ப்பா" என்றாள் கோகிலா. "துணி ரொம்ப நல்லாருக்கு, இதே விலைக்கு இன்னும் எவ்வளவு தர முடியும்னு கேக்கறாரு."