ஒன்பது சைபர் சைபர் ஒன்பது

"என் நம்பர் போச்சுங்க, சாமி."

செங்கோட்டுவேலு கும்பிடுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். வயது அறுபது. போர்வெல் லாரி ஏழு வைத்திருக்கிறவர். பொம்மையைத் தொலைத்த பிள்ளை மாதிரி நின்றார்.

சாமி வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. காவி கட்டுவதற்கு முன் லாரி ஓட்டியவர். அதனால் மலையடிவாரத்து அந்தச் சின்ன மடத்துக்கு வருகிறவர்கள் அவரை டிரைவர் சாமி என்றே சொன்னார்கள். அவரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

"எந்த நம்பருங்கண்ணா?"

"ஒன்பது சைபர் சைபர் ஒன்பது. முப்பது வருசமா எங்கிட்ட ஓடற அத்தனை வண்டிக்கும் அதானுங்க. லாரி, காரு, ஸ்கூட்டரு, எல்லாத்துக்கும். இப்பப் புதுக் காரு ஒன்னு எடுத்தேன். எவனோ முந்திக்கிட்டான்."

"வேற நம்பர் குடுக்கலீங்களா?"

"குடுக்கறாங்க. கூட்டுனா எட்டு வருதுங்க." எட்டு என்று சொல்லும்போதே அவர் முகம் கோணியது. "காரு ஷோரூம்லயே நிக்குது. அடுத்த வரிசை நம்பர் வர்ற வரைக்கும் அங்கியே கெடக்கட்டும்."

சாமி மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அந்த நம்பர் இல்லீன்னா என்னங்கண்ணா ஆகும்?"

"நான் வர்றது யாருக்குத் தெரியும், சாமி?"

பட்டென்று வந்துவிட்டது. சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

"ஊட்ல தெரியாதுங்களா?"

"ஊட்ல யாரு இருக்காங்க? பாவாயி போய் ஒரு வருசமாச்சு. புள்ளை குட்டியும் இல்லை. நானே எறங்கி கேட்டைத் தெறந்து, நானே வண்டியை உள்ள உட்டு, நானே வந்து சாத்தறேன்."

"அவங்க இருந்தப்ப?"

"நான் போறதுக்குள்ள கேட்டு தெறந்திருக்குமுங்க."

பிறகு, இத்தனை நாளாக உள்ளே உறுத்திக்கொண்டிருந்ததைச் சொன்னார்.

"ஆனா, அவளுக்கே என் நம்பர் தெரியாதுங்க சாமி."

ஈரோட்டில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலை மறித்துக்கொண்டு அவருடைய கார் நின்றிருக்கிறது. ஒன்பது சைபர் சைபர் ஒன்பது, வண்டியை எடுக்கவும் என்று மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். அவர் பந்தியில் இருந்தார். கார் சாவி பாவாயியின் கைப்பையில் இருந்தது. அவளோ முன்வரிசையில் உட்கார்ந்து, யார் வண்டியையோ சொல்கிறார்கள் என்று பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள்.

சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அவர் கத்திவிட்டார். கட்டினவளுக்கே தெரியாத நம்பர் ஊரில் எவனுக்குத் தெரியும் என்று கேட்டார்.

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"நம்பரை நான் எங்கீங்க பாத்தேன்னு கேட்டா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நாலு மாசத்துல போயிட்டா."

சாமி உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் கொண்டுவந்தார்.

"கேட்டுல உக்காருங்கண்ணா. வர்ற வண்டி நம்பரையெல்லாம் எழுதுங்க. எழுதுன பொறவுதான் தெறக்கோணும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"ஒரு வண்டி உட்டுப்போற வரைக்கும்."

"நான் ஒன்னுகூட உட மாட்டேனுங்க."

"அப்ப இங்கியே இருந்துக்கோங்க."

செங்கோட்டுவேலுவுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் மட்டும் என்ன செய்யப்போகிறார்? நம்பர் பார்ப்பது அவருக்குச் சோறு தின்கிற மாதிரி.

அமாவாசைக்குக் கூட்டம் வந்தது. நாலு இலக்கமும் ஒன்றாக ஒரு கார் வந்தது. மூன்று சைபருக்குப் பின்னால் ஏழு வந்தது. ஐந்து சைபர் சைபர் ஐந்து வந்தது. நல்ல நம்பராக வந்தால் கொஞ்சம் அழுத்தி எழுதினார்.

நாலு ஒன்று காரில் வந்தவர் கண்ணாடியை இறக்கினார்.

"வாட்ச்மேன், நம்பரை எழுதிட்டியா? நாலும் ஒன்னு."

"எழுதிட்டேனுங்க."

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேனுங்க. எனக்கும் ஃபேன்சி நம்பர்தானுங்க. ஒன்பது சைபர்..."

கண்ணாடி ஏறிவிட்டது.

அந்த மனிதர் காரை நிறுத்தி இறங்கினார். கூட யாரும் வரவில்லை. பத்தடி நடந்தவர், தன் காரின் நம்பரைத் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்து சைபர் சைபர் ஐந்தும் அப்படித்தான் திரும்பிப் பார்த்தார். அவரும் தனியாகத்தான் வந்திருந்தார்.

செங்கோட்டுவேலு தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். முப்பது வருடமாக அந்தக் கழுத்தும் அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தது.

மற்ற நாட்களில் மடத்துக்கு வருவது ஒரே வண்டி. காலையில் பால் ஊற்ற வரும் பொங்கியண்ணனின் மொபெட். மட்கார்டு கழன்று தொங்கும். நம்பர் பலகையில் சேறு அப்பியிருக்கும்.

முதல் நாள் செங்கோட்டுவேலு மொபெட்டை நிறுத்தி, துண்டை நனைத்துச் சேற்றைத் துடைத்து, நம்பரைத் தேடிப்பிடித்து எழுதினார். கூட்டிப் பார்த்தார். எட்டு.

"பால் ஊத்தறவனுக்கு நம்பர் எதுக்குங்க?" பொங்கியண்ணன் சிரித்தார். "பெரியவரே, காலைல ஏதாச்சும் சாப்டீங்களா?"

அப்படி அவரை யாரும் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

மறுநாளும் துடைத்தார், எழுதினார், திறந்தார். அதற்கடுத்த நாளும் அதேதான். பொங்கியண்ணனும் சலிக்காமல் இறங்கி நின்றார். கறவை மாட்டுக்கு வயிறு ஊதியிருப்பதாக ஒரு நாள் சொன்னார். வீட்டுக்காரி கண்ணே மூடவில்லை என்றார்.

ஒன்பதாம் நாள் மொபெட் வரவில்லை.

செங்கோட்டுவேலு புளியமரத்து வளைவு வரைக்கும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடியும் போனார். மத்தியானச் சோறு இறங்கவில்லை. நோட்டில் அந்த நாளுக்கு ஒன்றும் இல்லை. ஊரில் ஏழு லாரி நிற்க, ஓட்டை மொபெட் ஒன்றுக்காக இப்படித் தவிக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டியும் தவிப்பு அடங்கவில்லை.

பத்தாம் நாள் காலை. வளைவுக்கு அந்தப் பக்கம் எங்கோ, கழன்ற மட்கார்டு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அவர் எழுந்து ஓடினார். அறுபது வயதுக்கு அது ஓட்டம்தான். தாழ்ப்பாளை இழுத்து, கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்து நின்றார்.

பொங்கியண்ணன் நிறுத்தப் பார்த்தார்.

"போங்க, போங்க! மாடு எப்படி இருக்குது?"

"பொழைச்சுக்கிச்சுங்க!"

மொபெட் நேராக உள்ளே போயிற்று.

வாழைத் தோட்டத்திலிருந்து சாமி வந்தார். கல்மேல் கிடந்த நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"இன்னைக்குப் பால் வண்டி நம்பரைக் காணமுங்களே, அண்ணா?"

"வளைவுலயே சத்தம் கேட்டுச்சுங்க. அவர்தான்னு தெரிஞ்சுது, தெறந்துட்டேன். நம்பரை நான் எங்கீங்க பாத்தேன்..."

பேச்சு பாதியில் நின்றது.

அது அவருடைய வார்த்தை இல்லை.

செங்கோட்டுவேலு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பாவாயியை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவர் அழவில்லை. இப்போது வாய்விட்டு அழுதார். பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய பொங்கியண்ணன் மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு, பக்கத்தில் வந்து நின்றார்.

வெகுநேரம் கழித்துச் சாமி சொன்னார்:

"ஒரு வண்டி உட்டுப்போச்சுங்க. நீங்க கெளம்பலாம்."

செங்கோட்டுவேலு துண்டால் முகத்தைத் துடைத்தார். சேற்றுக்கறை இன்னும் அதில் இருந்தது.

"கேட்டைச் சாத்திரட்டுங்களா?" என்றார் சாமி.

"வேண்டாமுங்க, சாமி. கொஞ்ச நேரம் தெறந்தே இருக்கட்டும்."