கரிச்சானைப் பெண் கேட்ட வல்லூறு

அந்தக் காலத்துல, மாடு சொல்றது குருவிக்கும் குருவி சொல்றது மாட்டுக்கும் புரிஞ்சுக்கிட்டு இருந்துச்சே, அப்போ நடந்தது இது. அப்போ கரிச்சானுக்கு வால் ஒண்ணுதான். நுனி வரைக்கும் இறகு நிறைஞ்சு, சின்ன விசிறி மாதிரி இருக்கும். கரிச்சான்னா தெரியும்ல? உடம்பு பூரா எண்ணெய் தடவுன மாதிரி மினுமினுன்னு கருப்பா, எருமை முதுகுல ஜம்முன்னு உக்காந்து போகுமே, அதே குருவிதான்.

குளத்தங்கரையில ஒரு மருதமரம். அதோட பொந்துல சொர்ணம்னு ஒரு மைனா குடியிருந்தா. மூக்கும் காலும் மஞ்சள், வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. அவ வீட்டுக்காரன் புழு தேடப் போனா, பேச்சுத் துணை கிடைச்ச இடத்துலயே நின்னுருவான். அதனால பொந்துல இருந்த ரெண்டு குஞ்சுக்கும் தீனி சேக்குறது சொர்ணம் தலையிலதான் விடிஞ்சுச்சு.

அதே மரத்தோட மேல்கிளையில கரியமாணிக்கம் இருந்தான். கரிச்சான். அவன் தொண்டைக்குள்ள அந்த வட்டாரமே குடியிருந்துச்சு. சாயங்காலம் ஆனா கச்சேரி ஆரம்பிச்சிரும். அணில் புருசனத் திட்டுற மாதிரித் திட்டுவான். பருந்து குழந்தை மாதிரி அழுமே, அதையும் செய்வான். சொர்ணத்தோட வீட்டுக்காரன் லேட்டா வந்து சமாதானம் சொல்றத அப்படியே சொல்லிக் காட்டுவான். வீட்டுக்காரனே, "இது நான் எப்போ சொன்னேன்?"னு குழம்பிப் போவான். ஆந்தை சும்மா உக்காந்திருக்குறதக்கூட செஞ்சு காட்டுவான். சத்தமே கிடையாது. ஆனா மரம் பூரா சிரிக்கும்.

"தம்பி, வல்லூறு மாதிரி ஒரு தடவ கத்தேன்"னு சொர்ணம் கேப்பா.

"அது மட்டும் வராது மதினி. தொண்டை சிறுசு"ன்னு தலையக் குனிஞ்சுக்குவான்.

அந்தத் தலைகுனியுறத வச்சே சொர்ணம் சந்தேகப்பட்டிருக்கணும். படல.

காலையில குளத்துக்குள்ள புல்லு மேய வெள்ளையம்மா வருவா. பேருதான் வெள்ளையம்மா, ஆளு அட்டக்கருப்பு எருமை. அவ நடக்க நடக்க, புல்லுக்குள்ள இருந்து வெட்டுக்கிளி தெறிச்சு விழும். சொர்ணம் பின்னாலயே நடந்து பிடிப்பா. கரியமாணிக்கம் வெள்ளையம்மா முதுகுல உக்காந்து ஊர்வலம் வருவான். வெள்ளையம்மா ஓடினாலும் சரி, சேத்துல புரண்டாலும் சரி, அவன் கால் பிடி விடாது.

சொர்ணம் கொழுத்த வெட்டுக்கிளியா ஒண்ணு பிடிப்பா. கால் ரெண்டையும் பிச்சுப் போட்டு, குஞ்சுக்குக் கொண்டு போக வாகா மூக்குல கவ்வுவா. சரியா அந்த நேரம் பாத்து வானத்துல இருந்து, "கிக்கீ! கிக்கீ!"

வல்லூறு! மைனாவுக்கு எமன்! வெட்டுக்கிளியப் போட்டுட்டு அலறிக்கிட்டுப் பறப்பா சொர்ணம். நெஞ்சு அடங்குனதும் திரும்பி வந்தா, வெட்டுக்கிளி இருக்காது. எருமை மேல கரியமாணிக்கம் மூக்கத் தொடச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்.

"தப்பிச்சீங்களா மதினி? எனக்கு உசுரே இல்ல. எம்மாம் பெரிய வல்லூறு!"

"வெட்டுக்கிளி எங்கப்பா?"

"அதுவும் பயந்து ஓடிருச்சு."

"கால் ரெண்டையும் பிச்சுட்டேனேப்பா."

"பயம் வந்துட்டா கால் எதுக்கு மதினி?"

சொர்ணம் யோசிப்பா. நியாயமாத்தான் தெரியும். இருந்தாலும் ஒரு சாட்சி கேப்பா. "ஆத்தா, நீ சொல்லு, வல்லூறு வந்துச்சா?"

வெள்ளையம்மா அசை போடுறத நிறுத்துவா. கரியமாணிக்கம் அவ காதுக்குப் பின்னால இருக்குற உண்ணிய மெதுவா ஒண்ணு எடுப்பான். சொகத்துல கண்ணு சொருகும்.

"ம்"பா வெள்ளையம்மா.

அவ்வளவுதான், வழக்கு முடிஞ்சுச்சு.

இப்படியே பொழுது நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆனா கரியமாணிக்கத்துக்குத் தொழில்ல ஒரு குறை உண்டு. அரைகுறையா எதையும் செய்யத் தெரியாது. மைனாவ விரட்ட ஏதோ ஒரு கிக்கீ போதும்ல? இவன் விடல. ஒவ்வொரு நாளும் அந்தக் குரலை இழைச்சு, குழைச்சு, கொஞ்சம் ஏக்கத்தையும் சேத்து, அசல் வல்லூறே தோத்துப் போற மாதிரி ஆக்கிட்டான். மைனாவுக்குக் கேட்ட குரல் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்டுச்சு.

ஒரு நாள் உச்சி வெயில். சொர்ணத்தோட குஞ்சு ரெண்டும் மொத மொதலா பொந்தை விட்டு வெளிய வந்து கீழ்க்கிளையில தத்தக்கா பித்தக்கான்னு நின்னுச்சு. பறக்கவும் தெரியாது, திரும்பிப் பொந்துக்குள்ள ஏறவும் தெரியாது. சொர்ணம் வெட்டுக்கிளியோட வந்து பக்கத்துல இறங்குனா.

"கிக்கீ! கிக்கீ!"

சொர்ணம் இந்தத் தடவ பறக்கல. குஞ்ச விட்டுட்டு எங்க பறக்க? வெட்டுக்கிளியக் கீழ போட்டா, ரெண்டு றெக்கையையும் விரிச்சுக் குஞ்சு மேல கவுந்தா. கண்ண மட்டும் தூக்கிப் பாத்தா. மேல, அடர்ந்த இலைக்கு நடுவுல, கரியமாணிக்கம். வாய் திறந்திருக்கு. கிக்கீங்கிற சத்தம் அந்த வாயில இருந்துதான் வருது!

"அடப்பாவி மகனே!"

எத்தனை வெட்டுக்கிளி! எத்தனை ஓட்டம்! அப்பவும் பாருங்க, அவ மனசுல ஒரு ஓரம், "என்னமாக் கத்துறான்!"னுதான் நெனைச்சுச்சு. திட்ட வாயெடுக்குறதுக்குள்ள மேக்க இருந்து இன்னொரு சத்தம்.

"கிக்கீ?"

கரியமாணிக்கம் வாய மூடிட்டான். அவன் இறகெல்லாம் உடம்போட ஒட்டிருச்சு. அசல் வல்லூறு ஒண்ணு வந்து மரத்தோட உச்சியில மொட்டைக் கிளையில இறங்குச்சு. மஞ்சக் கண்ணு, வளைஞ்ச நகம். கல்யாணம் ஆகாத பையன். வீரபாகுன்னு பேரு.

"கூப்பிட்டது யாருங்க?"ன்னு கேட்டான் வீரபாகு. குரல்ல ஒரு வெக்கம். "மலைக்கு அந்தப் பக்கம் உக்காந்து தினமும் கேக்குறேன். இந்தக் குரலுக்குச் சொந்தக்காரி எப்பிடி இருப்பாங்கன்னு நெனச்சு நெனச்சு, தீனி இறங்கல எனக்கு."

வேற யாரா இருந்தாலும் அந்த இடத்துலயே செத்திருப்பாங்க. கரியமாணிக்கம் தொண்டையச் சரி பண்ணிக்கிட்டான். இலைக்குள்ள இருந்து, இழைச்சு இழைச்சு ஒரு பொண்ணு வல்லூறோட குரல் வந்துச்சு.

"நீங்க... எந்த ஊருங்க?"

வீரபாகு நெஞ்சு இறகை நீவி விட்டுக்கிட்டான். "மலைக்கு அந்தாண்டங்க. முகத்தக் காட்டக் கூடாதா?"

"மொதல்ல சீரு வரணும், அப்புறம்தான் முகம். எங்க வழக்கம் அப்படிங்க."

"என்ன வேணும், சொல்லுங்க."

"உங்க மலை உச்சிப் பாறையில வெயில் காயுமாமே ஓணான், அதுல ஒண்ணு."

கீழ இருந்த சொர்ணத்துக்கு உசுரு திரும்ப வந்துச்சு. கெட்டிக்காரப் பய! போகச் சொல்லிட்டான்!

"ஓணானுக்கு அம்புட்டுத் தூரம் எதுக்குங்க?"ன்னான் வீரபாகு. "இந்த மரத்துலயே குஞ்சு வாசம் அடிக்குது. கீழ்க்கிளையில. மைனாக் குஞ்சு, இளசு."

"ஐயே, மைனாவா? கசக்குமே."

"நான் தின்னுருக்கேனே. நல்லாத்தான் இருந்துச்சு."

"அது உங்க ஊர் மைனாவா இருக்கும். எங்க ஊர்த் தண்ணி வேறங்க."

"சரி, உங்களுக்கு வேண்டாம். பறந்து வந்த களைப்பு, நான் மட்டும் சாப்பிட்டுக்கிறேன். அப்புறம் ஓணானுக்குப் போறேன்."

வீரபாகு ஒரு கிளை கீழ இறங்குனான். சொர்ணம் றெக்கைக்கு அடியில குஞ்சு ரெண்டும் நடுங்குறது அவ வயித்துலயே தெரிஞ்சுச்சு.

கரியமாணிக்கம் அடுத்த குரலை எடுத்தான். கரடுமுரடா, வயசான குரல். "அடியே! யாருடி அது, யார்கிட்டப் பேசிக்கிட்டு இருக்க?" உடனே மெல்லிய குரல், "ஐயோ, அப்பா வந்துட்டாரு! நீங்க ஓடிருங்க!"

அப்பனும் மகளும் ஒரே தொண்டையில இருந்து மூச்சு விடாம வந்தத சொர்ணம் வாயப் பொளந்து பாத்தா. இதுக்கு எவனும் ஓடியிருப்பான். ஆனா வீரபாகு நல்ல இடத்துப் பையன். வளர்ப்பு அப்படி.

"மாமா, கும்புடுறேன்"னான்.

கரியமாணிக்கம் இன்னும் ரெண்டு இலைக்குப் பின்னால நகந்துக்கிட்டான்.

"உங்களையும் பாத்துப் பேசணும்னுதான் வந்தேன் மாமா."

"இப்போ... இப்போ நேரம் சரியில்ல. போயிட்டு அப்புறம் வா."

"நேரம் சரியாகுற வரைக்கும் இங்கயே இருக்கேன் மாமா. அதுக்குள்ள விருந்துக்கு ஏற்பாடு பண்ணிருறேன். உங்களுக்கு ஒரு குஞ்சு, எனக்கு ஒண்ணு. ரெண்டுதான் இருக்கு, பாருங்க, எல்லாம் கூடி வருது!"

சொல்லிட்டு அவன் நகத்த விரிச்சுக்கிட்டுக் குனிஞ்சான்.

சொர்ணம் மேல பாத்தா. கரியமாணிக்கமும் அவளப் பாத்தான். வீரபாகு இன்னும் இவனப் பாக்கல. இலைக்குள்ளயே கம்முன்னு இருந்தா இவனுக்கு ஒண்ணும் ஆகாது. ஊருல உள்ள குரல் எல்லாம் இருந்த அந்த வாயில அப்போ எந்தக் குரலும் இல்ல.

அப்புறம் அவன் இலையத் தள்ளிக்கிட்டு வெளிய வந்தான்.

"மாப்பிள்ளே! பொண்ணு நான்தான்!"

அது அவன் சொந்தக் குரல். சும்மா பேசுறப்பகூட யாரு குரலையாவது இரவல் வாங்கித்தான் பேசுவான்; அதனால சொர்ணம் அதுவரைக்கும் அத ஒரு தடவகூடக் கேட்டதில்ல. கரகரன்னு, தகரத்தத் தேய்ச்ச மாதிரி இருந்துச்சு.

வீரபாகு நிமிந்தான். கையளவு கருங்குருவி ஒண்ண முன்னால பாத்ததும் அவன் காதல் எங்க போச்சோ தெரியல. "நீயா? தினமும் நீயா?"

பதில் சொல்ல நிக்கல கரியமாணிக்கம். கல்லு மாதிரி விழுந்தான். நேரா வல்லூறு முதுகுல, பிடரிக்குக் கீழ. வாயும் எட்டாத, நகமும் எட்டாத இடம். எருமை மேல உக்காந்து பழகுன காலு, பிடிச்ச பிடிய விடல. உச்சந்தலையில கொத்துனான். கண்ணு ஓரத்துல கொத்துனான். வீரபாகு வானத்துக்கு ஏறுனான், குப்புற விழுந்தான், சுழண்டான். குளத்துக்கு மேல ரெண்டு பேரும் ஒரே பறவையாச் சுத்துனாங்க. கீழ வெள்ளையம்மா மேய்ச்சல விட்டுட்டுத் தலையத் தூக்கி, அவ வாழ்க்கையிலயே மொத தடவயா நீளமா ஒரு வார்த்தை சொன்னா. "விடாதடா!"

ஒரு சுழட்டல்ல வீரபாகுவோட நகத்துல கரியமாணிக்கத்தோட வால் சிக்கிருச்சு. பிச்சு இழுத்தான். வாலுக்கு நடுவுல இருந்த இறகெல்லாம் கொத்தாக் காத்துல போச்சு. அப்பவும் அவன் விடல.

"விடுடா, போயிருறேன்!"னு கத்துனான் வீரபாகு. கரியமாணிக்கம் பிடிய விட்டதும் கொஞ்ச தூரம் பறந்துட்டு, குரலத் தாழ்த்திக் கேட்டான். "நான் பொண்ணு கேட்ட விசயத்த... யார்கிட்டயும் சொல்லிராதப்பா."

"சொல்லமாட்டேன் மாப்பிள்ளே. ஆனா நான் கூடு கட்டுற மரத்துப் பக்கம் உங்க ஆளுங்க யாரும் தலைவச்சுப் படுக்கக் கூடாது. படுத்தா, நீங்க வெக்கப்பட்டத அப்படியே நடிச்சுக் காட்டுவேன்."

வீரபாகு போன வேகம் மலை தாண்டுற வரைக்கும் குறையல.

கரியமாணிக்கம் மரத்துக்கு வந்தான். சொர்ணம் பக்கத்துல உக்காராம தள்ளி உக்காந்தான். வெட்டுக்கிளி விசயம் வெளிய வந்துருச்சே. ஆனா அவன் கேட்டது வேற.

"மதினி, பின்னால எப்பிடி இருக்கு? உண்மையச் சொல்லுங்க."

சொர்ணம் பாத்தா. ரெண்டு ஓரத்துல மட்டும் இறகு மிச்சம் இருந்துச்சு. நடுவுல வெறும் வானம்தான் தெரிஞ்சுச்சு. கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. ஆனா அவன் கச்சேரியத் தினமும் கேட்டவ இல்லையா? முகத்துல ஒண்ணும் காட்டிக்கல.

"எல்லாருக்கும் வால் ஒண்ணுதான் தம்பி. உனக்கு இப்போ ரெண்டு."

"ரெண்டா?" திரும்பித் திரும்பிப் பாத்தான். "ஆமா மதினி! ரெண்டு!" உடனே நெஞ்சு நிமிந்துருச்சு.

மறுநாள் காலையில வெள்ளையம்மா புல்லுக்குள்ள இறங்குனா. சொர்ணம் பின்னால நடந்தா. கரியமாணிக்கம் எருமை மேல வாயே திறக்காம உக்காந்திருந்தான். சொர்ணம் கொழுத்த வெட்டுக்கிளியாப் பாத்துப் பிடிச்சு, கால ரெண்டையும் பிச்சு, மூக்குல கவ்விக்கிட்டு நின்னா. முழுங்கல, கொண்டும் போகல. வழக்கமான கிக்கீ சத்தம் வரல. வெட்டுக்கிளியக் கால்ல மிதிச்சுக்கிட்டு, ஊருக்கே கேக்குற மாதிரிச் சொன்னா.

"ஆத்தா, இந்த நேரத்துலதானே அந்த வல்லூறு வரும்? எனக்குப் பயமா இருக்கே!"

வெள்ளையம்மா ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. "ம்"ன்னா.

எருமை மேல இருந்து மெதுவா, சந்தேகமா வந்துச்சு ஒரு சத்தம்.

"கிக்கீ?"

"ஐயையோ! வல்லூறு! எமன்! செத்தேன்!"னு சொர்ணம் வெட்டுக்கிளியப் போட்டா. பக்கத்துல போட்டா, சுலபமா எடுக்குற மாதிரி. றெக்கைய அடிச்சுக்கிட்டு, போற வழியில ஒரு தடவ தடுக்கி வேற விழுந்து, அலறிக்கிட்டு மரத்துக்குப் பறந்தா. நடிப்பு சுமார்தான். ஆனா கரியமாணிக்கம் நம்பிட்டான்.

அன்னைல இருந்துதான் கரிச்சானுக்கு ரெட்டை வால். அன்னைல இருந்துதான் புறாவும் தவிட்டுக்குருவியும் கரிச்சான் கூடு கட்டுன மரமாத் தேடிப் பிடிச்சு, அதுக்குப் பக்கத்துலயே கூடு கட்டுது. இன்னைக்கும் அவன் பொய்யாக் கிக்கீங்கிறான், மைனா இரையப் போட்டுட்டு ஓடுது. இத்தனை காலம் ஆகியும் ஏமாறுதே இந்த மைனான்னு பாக்குறவங்க சிரிக்கிறாங்க. ஏமாந்தது அன்னைக்கு முன்னால. அன்னைல இருந்து அது போடுறது காவல் கூலி.