நொண்டி நாமக்கோழி

“நிம்மதி வேணும்மா. எட்டே நாள்தான் இருக்கு” என்றார் ஏகாம்பரம்.

பெருந்தேவி அம்மா நிமிரவில்லை. ஏரிக்கரைக் குடிசை வாசலில் உட்கார்ந்து பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்துக்கு அந்த அம்மாவைவிடப் பதினெட்டு வயது கூட. முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதிய மனுஷன். இருந்தும் குருவென்று தேடி வந்தது இங்கேதான்; ஏரிப் பறவைகளைப் பார்த்தே காலம் கழிக்கும் அந்த அம்மாவை ஞானி என்று ஊரே சொல்லும்.

“எட்டு நாள் கழிச்சு என்ன?”

“என் பொண்ணைத் தலைமுழுகணும்.”

மகள் சுகந்தி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். ஊர் கூடிப் பேசி முடித்துவிட்டது. ஊரார் பார்க்க, பெற்றவன் ஏரியில் இறங்கி மூன்று முழுக்குப் போட வேண்டும். அதோடு மகள் செத்தவள். போடாவிட்டால் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். நல்ல ஊர், நல்ல சட்டம்!

“முழுகும்போது மனசு ஆடக்கூடாதும்மா. அதுக்கு மந்திரம் கிந்திரம் ஏதாவது...”

அம்மா பைனாகுலரை அவர் கழுத்தில் மாட்டிவிட்டார்.

“மந்திரமெல்லாம் எனக்குத் தெரியாதுங்கய்யா. நாமக்கோழியைப் பாருங்க. பார்த்ததை மட்டும் சாயங்காலம் வந்து சொல்லுங்க. நினைச்சதைச் சொல்லக் கூடாது.”

மார்கழி மாசம். பனிக்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்த நாமக்கோழிகள் ஏரியெங்கும் மிதந்தன. கறுப்பு உடம்பு, நெற்றியில் பட்டையாக ஒரு வெள்ளை நாமம்.

முதல் நாள் சாயங்காலம், “மேஞ்சுதுங்க” என்றார்.

இரண்டாம் நாள், “மேஞ்சுதுங்க. ஒண்ணுக்குக் கால் நொண்டி.”

மூன்றாம் நாள் பொறுமை போய்விட்டது.

“ஏம்மா, ஞானம் கேட்டு வந்தவனைக் கோழி மேய்க்க விட்டுட்டீங்களே, இது உங்களுக்கே நல்லாருக்கா?”

“நொண்டி என்ன பண்ணுச்சு?”

“கூட்டத்தை விட்டுத் தள்ளித் தனியா மேஞ்சுது. வேற என்ன பண்ணும்?”

நாலாம் நாள் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“போச்சும்மா! பூனைப்பருந்து வந்துச்சு. நொண்டியைத் தூக்கிடுச்சு.”

“தூக்கினதைப் பார்த்தீங்களா?”

“கண்ணை மூடிக்கிட்டேன்.”

“அப்புறம் எப்படிச் சொல்றீங்க?”

“இதைப் பார்த்துதான் தெரிஞ்சுக்கணுமா? மேல பருந்து. கீழ நொண்டி, அதுவும் தனியா. மத்ததெல்லாம் கோரைக்குள்ள ஓடி ஒளிஞ்சிருக்கும். உலகத்துல நடக்கிறதுதானே!”

அம்மா கையை நீட்டினார்.

“பைனாகுலரைக் கொடுத்துடுங்க. கண்ணை மூடிக்கிறவருக்கு அது எதுக்கு?”

சுருக்கென்று தைத்தது. ஏகாம்பரம் கொடுக்கவில்லை. வீம்பாக அதைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் கரைக்குப் போனால், நொண்டி மேய்ந்துகொண்டிருந்தது. அட, உயிரோடு!

மத்தியானம் பருந்து வந்தது. இந்தத் தடவை அவர் இமைக்கவே இல்லை.

சாயங்காலம் குடிசை வாசலில் வந்து நின்றார்.

“கோரை பத்தடி தூரத்துலதான் இருந்துச்சும்மா. ஒண்ணுகூட உள்ள போகலை. எல்லாம் நடுத்தண்ணிக்கு வந்து நெருக்கியடிச்சு நின்னுதுங்க. நொண்டி அடிச்சுப் பிடிச்சு நீந்தி வந்துச்சு. வழி விட்டு உள்ள வாங்கிக்கிச்சுங்க. பருந்து இறங்க இறங்க, அத்தனையும் தண்ணியை வாரி அது மூஞ்சியிலேயே அடிச்சுதுங்க! நாலு தடவை இறங்கிப் பார்த்துட்டு, பருந்து போயிடுச்சு.”

“நீங்க என்ன நினைச்சீங்க?”

“நினைச்சதைச் சொல்லக் கூடாதுன்னீங்களே” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நடந்தார்.

எட்டாம் நாள். ஊரே கரையில் நின்றது. முன்னால் ஊர்ப் பெரியவர் தணிகாசலம்.

ஏகாம்பரம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். குளிரில் பல் கிட்டியது.

“ம், முழுகு!” என்றார் தணிகாசலம்.

ஏகாம்பரத்துக்குப் பயம்தான். இத்தனை வருஷம் மகளுக்குக் காது குத்தினபோதும் வீட்டில் சாவு விழுந்தபோதும் வந்து நின்ற முகங்கள் அத்தனையும் எதிரே இருந்தன.

“மாட்டேன்.”

“என்னது?”

“மாட்டேன்யா! என் பொண்ணு உசிரோட இருக்கா. இப்பவே அவ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் போறேன். என்ன பண்ணுவீங்களோ பண்ணிக்குங்க!”

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஏகாம்பரத்தின் தலையைப் பிடித்து அழுத்தக் கையை நீட்டினார்.

ஏகாம்பரம் இரண்டு கையாலும் தண்ணீரை வாரி அவர் மூஞ்சியில் அடித்தார். ஒரு தடவை இல்லை, பெரியவர் பின்வாங்கிக் கரையேறும்வரை அடித்தார். முறுக்கின மீசை தொங்கிப் போயிற்று. கூட்டத்தில் எவளோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

தணிகாசலம் குடிசையைப் பார்த்துக் கத்தினார்.

“அம்மா! நீங்கதானே இவனுக்குக் குரு? புத்தி சொல்லுங்க!”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க” என்றார் பெருந்தேவி அம்மா. “பறவைங்க பயந்துக்கும்.”

ஏகாம்பரம் ஒரு முடிகூட நனையாத தலையோடு கரையேறினார். ஏரியைத் திரும்பிப் பார்த்தார்.

“இதுங்களா? பயப்படுற சாதியா இது? நீங்க சரியாவே பார்க்கலைம்மா.”